பதின்மூவாயிரம் கிலோமீட்டரும் ஒரு வளைவும்

டொரான்டோவிலிருந்து சென்னைக்கு வானவழித் தொலைவு பதின்மூவாயிரத்து முந்நூற்று எழுபது கிலோமீட்டர் என்பதையும், எங்கும் நில்லாது பறந்தால் பதினைந்தரை மணி நேரம் ஆகும் என்பதையும் கச்சிராயபாளையத்தை அடுத்த அச்சிற்றூரில் அறியாதார் ஒருவரும் இலர். அறியாதிருக்கச் செபாஸ்தியான் விட்டால்தானே?

அவர் மகன் ஜெரின் மாதா திருவிழாவுக்கு வருகிறான். தேர்வடத்தை முதலில் தொடும் உரிமை அவர்கள் வீட்டினது. அறுபதைக் கடந்தவர் அவ்வாறு முதலில் தொடலாகாது என்பது கட்டுப்பாடு; செபாஸ்தியான் அதைக் கடந்துவிட்டார். பாதிரியார் தேரை மந்திரித்து முடிக்கையில் வாரிசு வந்து நில்லாவிடின், உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும், பிறகு மீளாது. பங்காளி மகன் சாம் மூன்று நாளாகவே புதுவேட்டியில் உலவிக்கொண்டிருந்தான்.

“எவனும் நேரா பறக்கறதில்லப்பா. துபாய்ல எறங்கி ஆறு மணி நேரம் குந்திக்கினு இருக்கணும்” என்று ஜெரின் தொலைபேசியில் சொல்லியிருந்தான். குந்தியிருப்பது எவ்வாறு பயணமாகும்? செபாஸ்தியான் பதினைந்தரையையே பிளெக்ஸில் அச்சிடுவித்தார். மகன் படத்துக்குக் குறையாத அளவில் தம் படத்தையும் சேர்த்து, ஊர் முகப்பில் சாலைக்குக் குறுக்கே சவுக்குக் கழி நட்டு வளைவாகக் கட்டுவித்தார். மகன் வரும் வாடகைக் காரின் உயரத்தை அளந்து, பெட்டிகளுக்கென ஒரு முழம் கூட்டினார். அது கரும்பு வெட்டும் பருவம் என்பது, மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருந்த அவர் நினைவுக்கு எட்டவில்லை.

மாலை ஐந்தரைக்குச் சடையன் ஓட்டிவந்த கரும்பு டிராக்டர் வளைவில் மாட்டிக்கொண்டது. அதன் பின்னே ஜெரினின் கார். இருபுறமும் வாய்க்கால்.

“அறுத்துடட்டுமாங்க?” அரிவாளோடு கேட்டான் சடையன்.

“ஏன்டா, மூஞ்சி மேலயா அருவா வெப்ப? முடிச்ச அவுரு” என்று வளைவடியில் காத்திருந்த செபாஸ்தியான் பாய்ந்து தடுத்தார்.

“நைலான் கயிறுங்க. நேரம் ஜாஸ்தி ஆவும்.”

“நான் வாய்க்கால்ல எறங்கி வந்துடறேம்பா” என்று சுமைக்கு அப்பாலிருந்து ஜெரின் குரல் கொடுத்தான்.

“சேத்துக் காலோட வடம் தொடுவியா? வளைவு வழியா வாடா. சாமி இப்பத்தான் செபம் ஆரம்பிச்சிக்கீறாரு.”

ஏழு முடிச்சுகளில் ஐந்து அவிழ்ந்தபோது கோயில் மணி ஒலித்தது. அதைத் தொடர்ந்து வெடிச்சத்தம். தேர் நகர்ந்துவிட்டதென்பது அனைவருக்கும் விளங்கிற்று.

மீதி இரண்டையும் அவிழ்த்து, மகனுடன் செபாஸ்தியான் ஓடிச் சேர்ந்தபோது வடத்தின் தலைப்பில் சாம் நின்றான். மனைவி இஞ்ஞாசியம்மாள் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னாங்க, அந்தப் பதினைஞ்சர மணியில முடிச்சி அவுக்கிற நேரத்தையும் சேத்துதான போட்டீங்க?”

அவர் சிறு கிழிசலும் இன்றி மடித்த பிளெக்ஸை அக்குளில் இடுக்கியவாறு, வடத்தின் வால்முனையை மகனோடு பற்றினார். அங்கிருந்து சாம் நின்ற இடம் நாற்பது முழம் இருக்கும். அத்தொலைவை மட்டும் அவர் எவரிடமும் சொல்லவில்லை.