மற்றப் பார்ட்டி

நகைப் பெட்டி வெறுமையாக இருந்தது.

உதயகலா அதைக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே விரித்திருந்த சிவப்புத் துணி மட்டும் அசைந்தது. அவளுடைய கல்யாணக் காப்புச் சோடி அங்கே இல்லை.

கத்தியிருக்கலாம். கத்தினால் குசினியில் நிற்கும் கணவன் ஜெயசுதன் ஓடிவருவான். வந்ததும், இந்த நேரத்தில் அலுமாரியை ஏன் திறந்தாய் என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு அவளிடம் சரியான பதில் இருந்தது. அவனுக்குத் தெரியாமல் காப்பை அடைவு வைக்கத்தான் திறந்தாள்.

பெட்டியை மூடினாள். அலுமாரியைப் பூட்டினாள். புட்டுக்கு மா குழைக்கப் போனாள்.

எல்லாம் ஒரு வீடியோவில் தொடங்கியது. உதயகலா தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிறவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மனிதர் கைப்பேசிக்குள் இருந்து அவளுக்குக் காணியில் காசு போடுவது எப்படி என்று படிப்பித்தார். முதற் பாடம், இடம். அது விளங்கியது. இரண்டாவது பாடம், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

அந்த மனிதர் உரும்பிராய்க்கு வந்ததில்லை. ஒழுங்கையில் ஒருவரிடம் காலையில் விலை கேட்டால், ரொறன்ரோவில் இருக்கும் காணிச் சொந்தக்காரருக்கு மத்தியானம் செய்தி போய்விடும். பின்னேரம் விலை ஏறும். அத்தோடு நின்றாலும் பரவாயில்லை. அவளோடு வேலை செய்யும் நிரோஜா கோண்டாவிலில் பார்த்த காணி, உறுதிப் பத்திரம் எழுதுகிற கிழமையில் குழம்பியது. வாங்க வருகிறவள் ஏற்கெனவே கடன்காரி என்று யாரோ இலண்டனில் இருக்கும் காணிக்காரருக்கு மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். கல்யாணப் பேச்சும் காணிப் பேச்சும் எழுத்து முடியும்வரை வெளியே போகக்கூடாது. அது வீடியோவில் இல்லாத பாடம். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

கணவனுக்கும் சொல்லக்கூடாதா? அவனுக்குத்தான் முக்கியமாகச் சொல்லக்கூடாது. ஜெயசுதன் தன் அக்காவிடம் மட்டும் சொல்வான். அக்கா ஒருவரிடமும் வாய் திறக்கமாட்டா. வட்ஸ்அப் குழுவில் போடுவா.

புரோக்கர் கேதீஸ்வரன் சாவகச்சேரிக்காரர். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கதைப்பவர். காணியைக் காட்டும்போது கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டார்.

"ரெண்டு பரப்பு, தங்கச்சி. செம்மண். நாலு தென்னை. பரப்பு பத்துப்படி இருபது லட்சம். இந்த விலைக்கு உரும்பிராயிலை காணியில்லை, கனவுதான் இருக்கு."

"பாதை உறுதியிலை இருக்கோ, இல்லாட்டி பக்கத்துக்காரரின்ரை தயவிலையோ?"

கேதீஸ்வரன் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "உறுதியிலை இருக்கு. லொறி வரும்."

"தண்ணி?"

"தேன்."

அவள் கைப்பையில் இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். ஆசுப்பத்திரியில் சிறுநீர் எடுத்துவரக் கொடுக்கும் போத்தல். பாவிக்காதது. கிணற்றில் அள்ளி நிரப்பி மூடினாள்.

"தண்ணிக்கும் வருத்தம் பாக்கப் போறியளோ?" என்றார் கேதீஸ்வரன். பிறகு, ஒழுங்கையில் ஒருவரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு சொல்லுறன். எழுதி முடியுமட்டும் வீட்டிலையும் மூச்சு விடாதேங்கோ."

"எனக்குத் தெரியாதோ?" என்றாள்.

தண்ணீர் தேன் இல்லை. ஆனால் உப்பும் இல்லை. அவள் ஓம் என்றாள். அடுத்த நாளே கேதீஸ்வரன் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, மற்றப் பார்ட்டி ஒண்டு இருபத்தொண்டு எண்டுது."

அவள் இருபத்திரண்டு என்றாள். மற்றப் பார்ட்டி இருபத்து மூன்று என்றது. அவள் சேமிப்பைத் துடைத்து, வங்கியில் கடன் கேட்டு, இருபத்து நாலு என்றாள். அந்தக் கடைசி ஏற்றத்துக்குத்தான் காப்பு தேவைப்பட்டது. அப்போதுதான் பெட்டி வெறுமையாக இருந்தது.

கள்ளனா? வீடு உடைக்கப்படவில்லை. பூட்டு சுகமாக இருந்தது. அலுமாரித் திறப்புகள் இரண்டு. ஒன்று அவளிடம். மற்றது எங்கே என்று யோசிக்க அவளுக்கு விருப்பமில்லை. முதலில் காணி. இன்னும் ஒரு லட்சம் ஏறினால் அவளால் முடியாது. அந்த மற்றப் பார்ட்டி யார் என்று தெரிந்தாக வேண்டும்.

நாலாவது பாடம் அதற்கு உதவியது. காணியை வேறு வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் நேரே உரும்பிராய்க்குப் போனாள். காணிக்கு எதிரே வாழைத் தோட்டம். காய்ந்து தொங்கிய இலைகளுக்குப் பின்னால், ஆசுப்பத்திரிச் சீருடையோடு நின்றாள். நுளம்பு கடித்தது. அடிக்கவில்லை. சத்தம் கேட்கும்.

ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

தலைக்கவசம் போட்ட ஒருவன் இறங்கினான். அளவு நாடாவை எடுத்து ஒழுங்கையின் அகலத்தை அளந்தான். லொறி வருமா என்று பார்க்கிறான். விசயம் தெரிந்தவன். பிறகு அவன் கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி அள்ளி, தலைக்கவசத்தோடு குடிக்கப் பார்த்தான். தண்ணீர் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.

இவ்வளவு மொக்குத்தனமாகத் தண்ணீர் குடிக்கும் ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும்.

மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள். வலது பக்கக் கண்ணாடி உடைந்து கறுப்புப் பட்டி சுற்றியிருந்தது. சுற்றியவள் அவள்தான்.

அவன் காலையில் கொடிகாமத்தில் ஒரு வீட்டுக் கூரையில் சோலர் தகடு பூட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

காப்பு எங்கே போனது என்பது வாழைகளுக்கு நடுவே அவளுக்கு விளங்கியது. இத்தனை நாளும் அவள் தன்னுடைய காப்போடு போட்டி போட்டிருக்கிறாள். காப்புத்தான் வென்றுகொண்டிருந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது ஜெயசுதன் குசினியில் குந்தியிருந்து சம்பலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தான். சட்டையின் முன்பக்கம் ஈரம்.

"கொடிகாமம் எப்பிடி?" என்றாள்.

"வெயில்."

"தண்ணி நல்லமோ அங்கை?"

திருவலையில் தேங்காய் ஒருகணம் நின்று திரும்பவும் சுழன்றது. "என்ன கேள்வி இது?"

"சும்மா."

அவளுடைய கைப்பேசி அடித்தது. கேதீஸ்வரன். அவள் ஸ்பீக்கரைப் போட்டு, கைப்பேசியை அரிசிமா வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தங்கச்சி, அலுவல் முத்திப்போச்சு. மற்றப் பார்ட்டி இருபத்தஞ்சு எண்டுது. காசோடை வந்து என்ரை விறாந்தையிலை இருக்கிறார்."

"இப்பவோ?"

"இந்த நிமிசம். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறார். உங்களுக்காகத்தான் நான் மெல்ல உள்ளுக்கு வந்து எடுக்கிறன்."

ஜெயசுதனின் கையில் தேங்காய்ப் பாதி அப்படியே நின்றது. அந்தக் குரலை அவனுக்கும் தெரியும்.

"அண்ணை," என்றாள் உதயகலா, "அவர் தேத்தண்ணி குடிக்கேல்லை."

"என்ன?"

"தேங்காய் திருவிறார். குடுக்கிறன், கதையுங்கோ."

கைப்பேசியைக் கணவனிடம் நீட்டினாள். ஜெயசுதன் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினான்.

"கேதீசண்ணை, நான் சோலர்."

சாவகச்சேரியில் ஒரு நாய் குரைப்பது தெளிவாகக் கேட்டது.

"தம்பி," என்றார் கேதீஸ்வரன் கடைசியில், "நீங்கள் ரெண்டு பேரும் ஒரு வீடோ?"

"பதினொரு வருசமா."

"சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள்தானே வீட்டிலையும் மூச்சு விடாதேங்கோ எண்டனீங்கள்?"

உதயகலா கைப்பேசியைத் திரும்ப வாங்கினாள். "இருபது, அண்ணை."

"என்ன கதை இது? இருபத்து நாலு எண்டு உங்கடை வாயாலை சொன்னனீங்கள்."

"அது நாங்கள் எங்களுக்கே சொன்ன விலை."

"வேறை பார்ட்டி வரும், தங்கச்சி. பிறகு அழப்படாது."

"வந்தால் விறாந்தையிலை இருத்துங்கோ. தேத்தண்ணி ஆறிப்போகும்."

வைத்துவிட்டாள். கேதீஸ்வரன் சொன்னது உண்மையாகவும் வரலாம். காணி போனால் போனதுதான்.

"காப்பு எங்கை?" என்றாள்.

"அடைவிலை."

"என்னைக் கேக்கேல்லை."

"உமக்குத்தான் காணி வாங்கப் பாத்தனான். எழுதிப்போட்டுச் சொல்லுவம் எண்டு."

"முதலே சொன்னால் என்ன?"

"சுவிசிலை இருக்கிற உம்மடை தங்கச்சிக்குச் சொல்லுவீர். நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்கடை அக்கா."

அவன் தலையாட்டினான். அந்தப் பதிலில் பிழை இருக்கவில்லை. மிச்சத் தேங்காயைத் திருவத் தொடங்கினான்.

கேதீஸ்வரன் அன்று திரும்ப அழைப்பு எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. ஜெயசுதன் குளிக்கும்போதும் கைப்பேசியை வாசலில் வைத்துவிட்டுக் குளித்தான். உதயகலா ஆய்வுகூடத்தில் ஒருவருடைய இரத்தத்தை இரண்டு தரம் பரிசோதித்தாள். இரண்டு தரமும் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவளுக்குத்தான் நித்திரை இல்லை. அந்தக் காணி இப்போது இன்னொருவருடைய பெயரில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். நாலு தென்னையும் அவனுக்கு.

வெள்ளிக்கிழமை கைப்பேசி அடித்தது.

"மற்றப் பார்ட்டி வேறை இடம் பாத்திட்டுதாம்," என்றார் கேதீஸ்வரன். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "இருபதுக்கு உறுதி எழுதலாம்."

எந்த மற்றப் பார்ட்டி என்று அவள் கேட்கவில்லை. மனிதருக்கும் மரியாதை வேண்டும்.

நொத்தாரிசு உறுதியை இருவர் பெயரிலும் எழுதினார். கேதீஸ்வரன் தலைக்கவசத்தோடு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அங்கிருந்து நேரே வங்கிக்குப் போய்க் காப்பை மீட்டார்கள். உதயகலா அங்கேயே போட்டுக்கொண்டாள். இனிமேல் அது பெட்டிக்குள் போகாது.

வீட்டு ஒழுங்கையில் பக்கத்து வீட்டு மரியநாயகி அக்கா மறித்தா. "எங்கை, சோடியா?"

"கோயிலுக்கு," என்றார்கள் இருவரும் ஒன்றாக.

எழுத்து முடிந்துவிட்டது. இனிச் சொல்லலாம். ஆனாலும் சொல்லவில்லை.

பின்னேரம் தங்கள் காணியைப் பார்க்கப் போனார்கள். வடக்கு வேலிக்கு அப்பால் இன்னொரு துண்டு, பழைய கிணறு ஒன்றோடு, பற்றையாகக் கிடந்தது. இரண்டு பரப்பு வரும். பாதையும் அதே பாதை. ஜெயசுதன் அதைப் பார்க்காத மாதிரிப் பார்த்தான்.

"உந்தக் காணி ஆரின்ரை?" என்றாள்.

"ஆருக்குத் தெரியும்?" என்றான், கொஞ்சம் கெதியாக.

அவனுடைய சட்டைப் பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. அவள் எட்டி அதன் திரையில் பெயரைப் பார்த்தாள். கேதீசண்ணை.

உதயகலா காப்பு இரண்டையும் மணிக்கட்டில் இருந்து மேலே, முழங்கைக்குக் கிட்ட, இறுக்கித் தள்ளிவிட்டாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துக்கொண்டு வடக்கு வேலியை நோக்கி நடந்தாள்.