பத்தொன்பது நாள் என்று எழுதியவன் நான்தான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு பெண்மணி எழுதச் சொன்னார், எழுதுகிறேன். என் நாவல்களை வாங்கும் கூட்டம் கொஞ்சம் பெரியது. அதனால் என்னை யாரும் எழுதச் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. எழுதியது போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களும் இந்தக் கதையில் வருவார்கள், அதுவும் நல்லவர்களாக.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மழை விட்ட ஒரு மாலையில் நூலகத்தின் படியேறியபோது என் மனம்—"

அன்று மழையே இல்லை. காலை பதினோரு மணி, நல்ல வெயில். மழையைப் போட்டால் கதைக்கு ஒரு கனம் வரும் என்று கை தானாகப் போகிறது. முப்பது வருடப் பழக்கம்.

[பாதியில் விட்ட அந்த வாக்கியத்தை அடிக்காமல் வைத்திருக்கிறேன். என் கை எப்படிப் பொய் சொல்லும் என்று நீங்கள் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் தேவைப்படும்.]

2

நூலக வாசகர் வட்டத்தில் என் காட்டு நாவலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நாவலின் கதை ரொம்பச் சின்னது. மலைக்காட்டில் வழி தவறிய ஒருவன், கையில் ஒரு பேனாக்கத்தியும் அரை பாட்டில் தண்ணீரும் வைத்துக்கொண்டு, பத்தொன்பது நாள் தாக்குப்பிடிக்கிறான். பத்தொன்பதாம் நாள் தேடி வந்தவர்கள் கண்ணில் படுகிறான்.

முப்பது நாற்காலி, நடுவே நடக்க வழி. வந்தவர்கள் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் மாதிரி தாங்களாகவே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். இடது பக்கம் 'அழுதுவிட்டேன்' கட்சி. வலது பக்கம் 'காதில் பூச்சுற்றுகிறார்' கட்சி.

வலது பக்கத்துக்குத் தலைவர் ஓய்வு பெற்ற ஒரு சர்வேயர். காடும் மலையும் அளந்தே முழங்கால் தேய்ந்தவர். என் புத்தகம் முழுக்கப் பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"சார், உங்க ஆளு ரெண்டாவது நாள் மழையில நனையுறான். நெருப்பு கிடையாது. அந்த உயரத்துல, அந்தக் குளிர்ல, ஈரச் சட்டையோட மூணு ராத்திரி தாங்குறதே பெருசு. ஆளு கெட்டின்னா நாலு. நீங்க என்னடான்னா ஆறாவது நாள் அவனை உக்கார வெச்சுப் பாட வைக்கிறீங்க."

வலது பக்கம் சிரித்தது. இடது பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை எழுந்தார். "மன உறுதின்னு ஒண்ணு இருக்குல்ல சார்?"

"மன உறுதி இருந்தா சட்டை காஞ்சிருமாம்மா?"

நான் சிரித்த முகத்தோடு மைக்கை வாங்கினேன். மேடை என் கோட்டை. "ஒவ்வொரு நாளையும் ஆராய்ச்சி பண்ணித்தான் எழுதினேன். காட்டுல மாட்டிப் பிழைச்சு வந்தவங்ககிட்டயே பேசியிருக்கேன்.* பத்தொன்பது நாள் முடியும்" என்றேன். இடது பக்கம் கை தட்டியது. சர்வேயர் பென்சிலைப் பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

* பேசியதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் பத்து நிமிடம் கேட்டேன், அதுவும் பல்லைக் காட்டப் போன இடத்தில்.

3

கூட்டம் முடிந்து புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில் ஒரு பெண். கையில் புத்தகம் இல்லை. கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற வேலையாம், அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"எனக்குக் கையெழுத்து வேணாம் சார். எங்க அண்ணிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தாங்க. அது உங்களாலதான் நின்னுபோச்சு."

அவளுடைய அண்ணன் ஏழு வருடத்துக்கு முன்னால் மரங்களுக்கு எண் போடுகிற குழுவோடு மலைக்காட்டுக்குப் போனவர், திரும்பவில்லை. ஏழு வருடம் ஆனால் இறந்ததாகப் பதிவு செய்யலாமாம். அதற்கு ஒரு படிவம், மனைவி கையெழுத்துப் போட வேண்டும். அண்ணி பேனாவை எடுத்துவிட்டார். அந்த வாரம் பார்த்து யாரோ என் நாவலைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டே நாளில் படித்து முடித்து, படிவத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டார்.

"அவங்களுக்கு முப்பத்தாறு வயசு சார். அவங்களைக் கட்டிக்கிறேன்னு ஒருத்தர் மூணு வருஷமா காத்துட்டிருக்கார். தங்கமான மனுஷன், நான்தான் போய்ப் பேசினேன். இப்ப உங்க ஆளு வந்த மாதிரி எங்கண்ணனும் வருவாருன்னு உக்காந்துட்டாங்க. நீங்களே வந்து, அது வெறும் கதைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

கணவனின் தங்கையே அண்ணிக்கு மறுமணம் பேசுகிற வீடு. கதைக்கு ஆகுமே என்றுதான் முதலில் நினைத்தேன். இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

4

சில நாள் கழித்து அவளோடு அண்ணி வீட்டுக்குப் போனேன். இந்த இடத்தில் அண்ணியை முதலில் இப்படி எழுதினேன்: "ஜன்னலோரம் வெறித்த பார்வையோடு, வாராத தலையோடு, வாசலையே—"

இல்லை. அந்த ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. அண்ணி கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு மூக்குக் கண்ணாடியைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் முடுக்கிக்கொண்டிருந்தார். தலை நன்றாகவே வாரியிருந்தது.

"உக்காருங்க சார், ஒரு நிமிஷம். இந்த ஸ்க்ரூ விழுந்தா கிடைக்காது."

நான் தொண்டையைச் செருமினேன். "அம்மா, நாவல்ங்கறது கற்பனை. அவன் திரும்பி வந்தான்னா, அதுக்காக..."

அவர் நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தார். "அவர் வருவாருன்னு நான் காத்திருக்கேன்னு சொன்னியா?"

"பின்ன எதுக்கு அண்ணி போட மாட்டேங்கறீங்க?"

"வர மாட்டாருன்னு எனக்கு முதல் வருஷமே தெரியும்." என் பக்கம் திரும்பினார். "சார், தேடுறதை ஏழாவது நாளே நிறுத்தலாம்னாங்க. நான் அழுது இன்னும் ரெண்டு நாள் வாங்கினேன். ஒன்பதாவது நாள் ஒரு பேப்பரை நீட்டினாங்க. தேடினது போதும்னு வீட்டாளுங்க சம்மதம். போட்டுட்டேன். உங்க ஆளு ஒன்பதாவது நாள் என்ன பண்ணிட்டிருந்தான்?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. எழுதியவனுக்கு மறந்திருந்தது.

"பாறை மேல மல்லாந்து வெயில் காஞ்சுட்டிருந்தான். தெம்பா இருந்தான். இன்னும் பத்து நாள் இருந்துச்சு அவனுக்கு. ஆராய்ந்து எழுதினதுன்னு முன்னுரையில போட்டிருக்கீங்க. அப்ப, நான் கையெழுத்துப் போட்ட அன்னைக்கு அவரும் ஏதோ ஒரு பாறை மேல..."

நாத்தனாருக்கும் இது புதுச் செய்தி. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

5

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் விதியைப் பற்றி அழகாகப் பேசுகிறேன். இன்னொன்றில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். மூன்றாவதில் போன் வருகிறது, வெளியே போய்விடுகிறேன்.

நடந்தது வேறு. முப்பது வருடமாக ஒருவரிடமும் சொல்லாத தொழில் ரகசியத்தைச் சொன்னேன்.

என் நோட்டில் அவன் நான்காவது நாளே கிடைத்துவிடுகிறான். அதுவே அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாவல் முதலில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது, வாரத்துக்கு ஒரு நாள் கணக்கில். வருடம் முடியப் பத்தொன்பது வாரம் இருந்தது, அடுத்த தொடர் புது வருடத்தில்தான். "நாலு வாரத்துல ஆளைக் கண்டுபிடிச்சுட்டா மீதிப் பதினஞ்சு வாரம் நான் வெள்ளைத்தாளையா அச்சடிக்கிறது?" என்று ஆசிரியர் போனில் கத்தினார். நீட்டினேன். பதினோராம் நாள் தேன்கூடு கிடைப்பது, எனக்குக் காய்ச்சல் வந்து வேறெதுவும் தோன்றாத வாரம். ஆறாம் நாள் பாட்டு, பக்கம் நிரம்பாத வாரம்.

ஒன்பதாம் நாள் எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அண்ணி கேட்டார்: "அப்ப அந்த சர்வேயர் சொன்னதுதான் சரி?"

"ஆமாம்மா."

"அவரை உக்கார வெச்சுக் கைதட்டல் வாங்கினீங்களாமே, இவ சொன்னா."

"ஆமாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. என்னை எதிர்த்த பாதிக் கூட்டம் சரியாகப் படித்திருக்கிறது. அழுத பாதியை நான் ஏமாற்றியிருக்கிறேன். அண்ணி அப்போதுதான் அழுதார், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வெகுநேரம். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். "என்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது சார். அதை அச்சுல போட்டீங்க. இதையும் அச்சுல போடுங்க. என்னை மாதிரி யார் யார் எந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்காங்களோ."

6

அடுத்த பதிப்பில் நாவல் முடிந்ததும் இது வரும். முன்னுரையில் 'ஆராய்ந்து எழுதியது' என்ற அந்த வரி இருக்காது. பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனால் ஒத்துக்கொண்டார்.

கைப்பிரதியைச் சர்வேயருக்கு முதலில் காட்டினேன், மன்னிப்போடு. படித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். "நாலு நாள்னு அடிச்சுச் சொல்லாதீங்க. மலைக்கு மலை மாறும். ஆனா பத்தொன்பது கிடையாது" என்றார். ஒன்பது நாள் பிழைத்திருக்கவே முடியாது என்று அவரும் சத்தியம் செய்யவில்லை. அதையும் அண்ணியிடம் சொன்னேன். "அவராவது தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றாரே" என்றார்.

நாத்தனாருக்கு வேறு முடிவு வேண்டும். "அண்ணி கையெழுத்துப் போட்டாங்கன்னு எழுதிருங்க சார். எழுதினா நடந்துரும்." படிவம் இப்போது புத்தகத்துக்குள் இல்லையாம். மேசையில், மூக்குக் கண்ணாடிப் பெட்டியின் அடியில் இருக்கிறதாம். பேனாவும் பக்கத்தில் இருக்கிறதாம்.

எழுத எனக்கு ஒரு வரி போதும். போட்டார் என்றால் இடது பக்கம் அழும். போடவில்லை என்றால் வலது பக்கம் தலையாட்டும். ஆனால் என் வசதிக்காக ஒருவனுக்குப் பதினைந்து நாளைக் கூட்டிக் கொடுத்தவன் நான், அந்த நாட்களை ஒரு பெண் சுமந்தார். அவருடைய நாளில் ஒன்றைக்கூட நான் இனி எழுத மாட்டேன். நீங்களும் அவருக்காக முடிக்க வேண்டாம்.

நான் எழுத வேண்டிய நாள் ஒன்றுதான் மிச்சம். ஒன்பதாவது வாரம் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாடை தாங்காமல் நாற்காலியை மாடிக்குத் தூக்கிப்போய் எழுதினேன். வெயில் சுகமாக இருந்தது. அதனால்தான் அவன் வெயில் காய்ந்தான்.

அந்தப் பாறையில் யாரும் இல்லை அம்மா. அது எங்கள் வீட்டு மொட்டை மாடி.