நாற்பத்தேழாம் எண் வீடு

அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: “47. பெண் குழந்தை, ஆறு வயது. வலிப்பு. மாத்திரை வியாழன் காலையோடு தீர்கிறது.” அன்று புதன். மாத்திரை மிளகாயின் பையில் தயாராக இருந்தது. எந்த வீட்டில் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

மிளகாய் என்பது அவளுடைய கோபத்துக்கு உதவி நிலையம் வைத்த பெயர். அட்டையில் பெயரோ தெருவோ எழுதக் கூடாது என்பது நிலையத்தின் விதி. எந்தப் பக்கத்துத் துப்பாக்கிக்காரர்கள் அலமாரியை உடைத்தாலும் ஒரு குடும்பமும் சிக்கக் கூடாதல்லவா? நல்ல விதிதான். ஆனால் எண்ணுக்குரிய பெயர் இரண்டே இடத்தில் இருந்தது: வீடுகளுக்குப் போய்வந்த நெட்டையனின் தலையில், இயக்குநரின் நோட்டில். நெட்டையன் போன வாரம் பாலத்தில் விழுந்த குண்டில் செத்துப்போனான். நோட்டு இயக்குநரோடு பத்திரமான ஊருக்குப் போய்விட்டது.

“போன்ல பேர் சொல்ல முடியாதும்மா. திங்கக்கிழமை கமிட்டி கூடுது, கேட்டுச் சொல்றேன்” என்றார் அவர்.

“வலிப்பும் கமிட்டியக் கேட்டுட்டுத்தான் வருமா சார்?”

“உணர்ச்சிவசப்படாதம்மா.”

அவள் மேஜையில் ஓங்கி அறைந்தாள்.

“மேஜை என்ன பண்ணுச்சு தங்கச்சி? இருக்கிறதே ஒண்ணுதான்” என்றார் நிலையத்தின் டிரைவர்.

அறைந்த வேகத்தில் சிதறிய அட்டைகளைப் பொறுக்கும்போதுதான் கவனித்தாள். நெட்டையன் வீட்டுக்குப் போன நேரம், கிளம்பிய நேரம் எல்லாவற்றிலும் இருந்தது. ஒவ்வொரு செவ்வாயும் 31லிருந்து கிளம்பி ஆறு நிமிடத்தில் 47. அங்கிருந்து மூன்று நிமிடத்தில் 12.

“அண்ணே, முப்பத்தொண்ணுக்குச் சக்கர நாற்காலி குடுத்ததா இருக்கு. யார் வீட்ல இறக்குனீங்க?”

“தையல்காரம்மா வீட்ல.”

“பன்னெண்டுக்குக் கட்டில்?”

“தண்ணித்தொட்டிக்குப் பின்னால.”

“அப்ப ரெண்டுக்கும் நடுவுல, தொட்டிப் பக்கமா. வாங்க, நடந்து பாப்போம்.”

“அவன் ஆறு நிமிஷம்னா நமக்கு ஒம்போது, தங்கச்சி. அவன் கால் அப்படி.”

தையல்காரம்மா வீட்டிலிருந்து நடந்த ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு சந்து வந்தது. ஆறு வயதுப் பெண் இருக்கும் வீடு எது என்று கேட்டதும், ஒரு கதவு தானே திறந்தது.

“நேத்து யாருமே வரல. எங்கள மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்” என்றாள் தாய்.

மிளகாய் மாத்திரையை அவள் கையில் வைத்தாள். நெட்டையனைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கோபம் மட்டும் தணியவில்லை.

மறுநாள் காலை, கமிட்டியைக் கேட்காமலே, மிளகாயின் புது ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பணியாளர்கள். ஒரு வாரம் ஒருவர், மறு வாரம் மற்றவர். பெயரும் கதவும் இருவருக்கும் மனப்பாடம். அந்த இருவரும் ஒரே வண்டியில் ஏறுவதில்லை. ஒரே நாளில் பாலத்தைக் கடப்பதுமில்லை.