சேவுகம்பட்டி மேகத்துக்குத் தலைமை யார்?

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சேவுகம்பட்டியில் ஒரு மேகம் பனைமர உயரத்துக்கு இறங்கியது; திரும்பிப் போகவில்லை. அன்று சந்தையில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். மேகம் ஏறக்குறைய ஒரு ஏக்கர் அகலம், தனக்கு நேர் கீழே மட்டும் பெய்தது. பெரியகருப்பனின் வெங்காயம் இரண்டு நாள் விடாமல் நனைந்து அழுகியது. பக்கத்திலேயே மாயம்மாளின் கத்தரிச்செடி வாடிக் கிடந்தது. மூன்றாம் நாள் போர்வெல் மோட்டார் இறக்குகிற கயிற்றை வீசி மேகத்தைக் கட்டினார்கள். கட்டியபின் யார் தோட்டத்துக்கு முதலில் இழுப்பது என்று பேச்சு வெட்டுக்குத்து வரைக்கும் போனது. கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பது போல மேகத்துக்கும் வைக்கலாமே என்று சொன்னவள், பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த அறிவுச்செல்வி. பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் பட்டியலும் அவளே போட்டாள். ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம். அவள் ஒரு விசில் அடித்தால் கயிறு பிடிக்கிற பதினோரு தோட்டக்காரர்களும் இழுக்க வேண்டும், இரண்டு அடித்தால் தளர்த்த வேண்டும், மின்கம்பி வந்தால் மூன்று. ஒன்றரை வருடத்தில் ஒருவருக்கும் ஷாக் அடிக்கவில்லை. மேகம் பந்தல் பக்கம் வந்துவிடாதிருக்க, கல்யாண வீட்டுக்காரர்கள் மட்டும் முன்கூட்டியே வந்து தேதி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அறிவுச்செல்விக்கு விவசாயக் கல்லூரிக்குப் போக ஆசை. "உதவித்தொகை கெடச்சா காலேசு. இல்லேன்னா மில்லு வேன்தான் தாயி" என்று அப்பா சோலைமலை சொல்லிவிட்டார், சொன்ன அன்று அவரும் சாப்பிடவில்லை. நூல்மில் வேன் தினமும் காலை ஐந்தரைக்கு ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். திண்டுக்கல் அறக்கட்டளை ஒன்றின் விண்ணப்பத்தில், தலைமைப் பண்பையும் குழுவாகச் செயல்பட்ட அனுபவத்தையும் முந்நூறு சொற்களில் விளக்கச் சொல்லியிருந்தார்கள். அறிவுச்செல்வி மேகத்தைப் பற்றி எழுதினாள். குழுவினருடன் நேரில் வரவும் என்று பதில் வந்தது.

பதினோரு பேரும் கிளம்பினால் மேகத்தை யார் பிடிப்பது? அதையும் இழுத்துக்கொண்டே போனார்கள். இரண்டு நாள் நடை. பேகம்பூரில் டீக்கடை நாசர், "செத்த நேரம் நிறுத்துங்கண்ணே, டிரம்மு ரெண்டு நெறஞ்சுக்கிறட்டும்" என்று கேட்டு, எல்லோருக்கும் டீ கொடுத்தார். போக்குவரத்துக் காவலர் ஹெல்மெட் போடாதவர்களைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்ததால் வழியில் வேறு தொந்தரவில்லை.

அறக்கட்டளையின் தேர்வாளர் கமர்ஜஹான் குடை பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். மேகத்தைச் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு, "இதுக்கெல்லாம் தலைமை யாரு?" என்று கேட்டார்.

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சேவுகம்பட்டிக்காரர்கள் பதில் பழகி வைத்திருந்தார்கள். முன்னொரு காலத்தில் குடிதண்ணீருக்காக மறியல் செய்தபோது போலீஸ் இதையேதான் கேட்டது. மரியாதை செய்யப்போகிறார்கள் என்று நினைத்துப் பெரியகருப்பன் கையைத் தூக்கினார். ஏழு வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். எந்த அதிகாரி கேட்டாலும் ஆளைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று அப்போதே ஊர் கூடி முடிவெடுத்திருந்தது.

"தலைமைன்னு ஆரும் இல்ல மேடம். நாங்களாத்தான் வந்தோம்" என்றார்கள் பதினோரு பேரும் ஒரே குரலில்.

கமர்ஜஹான் தலைமை என்ற கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்தார். கட்டம் காலியாகப் போவதற்குள் அறிவுச்செல்வி முன்னால் வந்தாள். "நான்தான் மேடம்" என்றாள்.

மாயம்மாள் பதறிப்போனாள். "அது சின்னப்புள்ள மேடம், பயத்துல ஒளறுது. கேசு போடுறதுன்னா எம்மேல போடுங்க."

"எம்பேர எழுதுங்க. எனக்குக் கோர்ட்டு பழக்கம்" என்றார் பெரியகருப்பன்.

அவ்வளவுதான். பதினோரு பேரும் முண்டியடித்துக்கொண்டு பெயர், தகப்பன் பெயர், கதவிலக்கம் என்று ஒப்பித்தார்கள். கமர்ஜஹான் மறுக்காமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவ்வளவு நேரமும் ஒருவரும் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. இணைப்புகள் என்ற இடத்தில் கமர்ஜஹான், 'மேகம் ஒன்று, நேரில் பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கல்லூரியின் முழுக் கட்டணமும் உதவித்தொகையாகக் கிடைத்தது. அறிவுச்செல்வி இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள், முறைப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வருகிறது. அன்று பெயர் எழுதிக்கொண்டது வழக்குப் போட இல்லை என்று அவள் எத்தனையோ தடவை விளக்கிவிட்டாள். ஒருவரும் நம்புவதாக இல்லை. தபால்காரர் வந்தால் பதினோரு பேரும், "சம்மன் வந்துருச்சாப்பா?" என்று இன்றும் கேட்கிறார்கள்; வந்தால் கோர்ட்டுக்கு மேகத்தையும் இழுத்துக்கொண்டே போவதென்று பேசி வைத்திருக்கிறார்கள்.