மெசினுக்குக் கொடுத்த கை

அட்டன் நீதிமன்றத்தில் சட்டத்தரணி தனுஜா முதன்முதலில் தனியாக நடத்திய விபத்து வழக்கு நாகலெட்சுமியுடையது. பன்னிரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு கவிழ்ந்த பஸ், இடிந்த மதில் என்று எத்தனையோ வழக்குகள் வந்து போய்விட்டன. ஆனாலும் மழைக்காலக் காலைகளில் கறுப்புக் கோட்டை மாட்டும்போது அவளுக்கு அந்த வழக்குத்தான் நினைவுக்கு வரும்.

நாகலெட்சுமிக்கு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் சிக்கி வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. இயந்திரத்தின் மூடி கழன்று ஒரு மாதமாகியும் யாரும் அதைப் பூட்டவில்லை என்று தனுஜா வழக்குத் தொடுத்திருந்தாள். விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவே என்றது நிர்வாகம்.

"அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?" என்று சாட்சிக் கூண்டில் நின்றவரிடம் தனுஜா கேட்டாள்.

"கொழுந்து கொட்டிக்கிட்டு இருந்தேங்க. கண்ண மூடித் தொறக்கல, மெசினுக்குக் கைய குடுத்துட்டேங்க."

மொழிபெயர்ப்பாளர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். 'இவர் தானாகவே இயந்திரத்துக்குள் கையைக் கொடுத்தாராம்' என்று சிங்களத்தில் சொன்னார். நீதிபதி நிமிர்ந்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வேகமாக எதையோ குறித்துக்கொண்டார். நடந்தது தெரியாமல் நாகலெட்சுமி தனுஜாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பொகவந்தலாவைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் தனுஜா கேட்டு வளர்ந்த பேச்சு அது. கொழும்பில் சட்டம் படித்த காலத்தில், யாரும் சிரித்துவிடக் கூடாதென்று நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்த பேச்சு. அடுப்போரம் ஈரக் கம்பளியைக் காயப்போட்டபடி அம்மா சொல்வது காதில் கேட்டது. அவள் எழுந்தாள்.

"கனம் நீதிபதி அவர்களே, மொழிபெயர்ப்பு பிழை. எங்கள் பேச்சில் குடுத்துட்டேன் என்றால் பறிகொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். என் அம்மா 'மூத்தவள மண்சரிவுக்குக் குடுத்துட்டேன்' என்பார். எந்தத் தாயும் பிள்ளையைத் தானாகக் கொடுப்பதில்லை."

நீதிபதி மொழிபெயர்ப்பாளர் மூலமாக நாகலெட்சுமியிடமே கேட்டார்: "நீங்களாகவா கையை உள்ளே விட்டீர்கள்?"

"ஐயோ, யாருங்க அப்புடி விடுவாங்க? தரையெல்லாம் ஈரம். கால் வழுக்கிருச்சு. மூடி இருந்திருந்தா கை மேலயே நின்னிருக்கும் சாமி."

மொழிபெயர்ப்பாளர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். பதிவு திருத்தப்பட்டது. அடுத்த தவணையில், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கந்தப்பன் மூடி இல்லாததை ஒப்புக்கொண்டார். இரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பு நாகலெட்சுமி பக்கம் வந்தது.

அன்று மத்தியானம் இருவரும் ஒரே குடைக்குள் பஸ் நிலையத்தில் நின்றார்கள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேங்க," என்றார் நாகலெட்சுமி. "கோர்ட்டுல சொன்னீங்களே ஒங்க அக்கா, அவங்க பேரு என்னங்க?"

பல வருடங்களாக யாரும் கேட்காத கேள்வி.

"சந்திரகாந்தி," என்றாள் தனுஜா. "எனக்குச் சடை போட்டா மண்ட வலிக்கும், அவ்வளவு இறுக்கிப் பின்னுவா. ஆத்துல தண்ணி வந்துட்டா இடுப்புல தூக்கிக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போவா..."

அக்கரப்பத்தனை பஸ் வந்து நின்றது. தனுஜா பேச்சை நிறுத்தினாள்.

"அது போகட்டுங்க," என்றார் நாகலெட்சுமி. "அடுத்ததுல போயிக்கிறேன். நீங்க சொல்லுங்க."