பச்சைக் கம்பளி நூல்

கேமராவுக்குள் ஃபிலிம் இருந்தது. பின்கதவைத் திறக்காமலே அது தெரிந்துவிடும். சுற்றும் குமிழை லேசாகத் திருப்பினால் சும்மா சுழலாது. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இறுக்கும்.

"முகர்ந்து பாக்காத குறைதான்," என்றாள் வெர்னா. சர்ச் நடத்தும் பழைய சாமான் கடையில் வியாழக்கிழமைகளில் கல்லாவில் உட்கார்பவள். எழுபது வயது, வாய்க்கு மட்டும் இருபது. "வீட்ல ஏற்கெனவே எத்தனைடி? முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்குதா?"

"சரி பண்ணி வித்துடறேன் வெர்னா. நான் எங்க வச்சுக்கறேன்?"

"காலைலதான் ஒருத்தர் கொண்டாந்து குடுத்தார். அப்பாவோடதாம். எடுத்துட்டுப் போ, கண்ணு. உன்னை விட்டா இதைத் தொட ஆளில்ல."

சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன்.

இந்த ஊரில் என்னை டெல்லா என்பார்கள். பிறந்தபோது வைத்த பெயர் அதல்ல. பன்றி இறைச்சி ஆலையில், தொடைக்கறி அறுக்கும் வரிசையில் நிற்கிறேன். மிசௌரியில் எனக்கொரு கணவன் இருக்கிறான், டுவெய்ன். ஒருநாள் என் இடது கையைக் கார்க்கதவு இடுக்கில் பிடித்து வைத்து, கதவை அறைந்து சாத்தினான். இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. அருகில் வரக் கூடாது என்று நீதிமன்றம் அவனுக்கு ஒரு காகிதம் கொடுத்தது. அதை என் கண் முன்னால் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பதினான்கு மாதங்களாக அவன் கண்ணில் படாமல் இருப்பதுதான் என் வேலை. பன்றி அறுப்பதெல்லாம் அதற்கப்புறம்.

டிரெய்லர் வீட்டுச் சமையல் மேஜையில் ஃபிலிமைச் சுற்றி முடித்துப் பின்கதவைத் திறந்தேன்.

பழைய கேமராக்களில் வெளிச்சம் புகாமலிருக்கக் கதவோரக் காடிப் பள்ளத்தில் நுரைப்பட்டை ஒட்டியிருக்கும். முப்பது நாற்பது வருடத்தில் அது தார் மாதிரி இளகிப்போகும். மற்றவர்கள் சுரண்டிவிட்டுப் புது நுரையை மெல்லிசாக நறுக்கி ஒட்டுவார்கள். இந்த விரல்களை வைத்துக்கொண்டு எனக்கு நறுக்க வராது. அதனால் கம்பளி நூலைக் காடிக்குள் அழுத்தி ஒட்டுவேன். கறுப்பு நூல்தான் போட வேண்டும். என்னிடம் அடர்பச்சையில் ஒரு பெரிய உருண்டை இருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. விரல் உடைந்த பிறகும் ஒரு வருடம் டுவெய்னோடுதான் இருந்தேன். நான் நூல் ஒட்டுவதை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

இந்தக் கேமராவின் காடியில் பச்சை நூல் இருந்தது.

என் கைவேலை. வசந்தத்தில் இணையத்தில் விற்றது. வேறு பெயரில் விற்றேன். அறுபது மைல் தள்ளிப் போய்த் தபாலில் போட்டேன். ஆனால் விற்பனைப் படத்தில் பின்கதவைத் திறந்து காட்டியிருந்தேன். நுரை மாற்றியாகிவிட்டதா என்றுதான் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பார்கள். அந்தப் பச்சையை அடையாளம் கண்டு வாங்கியது டுவெய்னாகத்தான் இருக்கும்.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவனுக்கு எது தெரியும், எதுவரை தெரியும் என்று தெரியாமல் ஓடினால் நேராக அவன் மடியில்தான் போய் விழுவேன். அது கறுப்புவெள்ளை ஃபிலிம். கழுவ இருபது நிமிடம் போதும்.

குளியலறைக் கதவின் அடியில் துண்டைத் திணித்து விளக்கை அணைத்தேன். இருட்டில் ஃபிலிமை உருளையில் ஏற்ற வேண்டும். மடங்காத விரல்கள் இரண்டு முறை வழுக்கின. வெளியே எந்த வண்டி போனாலும் கை நின்றது. உருளையைக் கழுவும் டப்பாவில் போட்டு மூடி, விளக்கைப் போட்டு, மருந்தை ஊற்றினேன். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். நடுவில் எண்ணிக்கை தப்பியது. தப்பினால் தப்பட்டும்.

ஈரச் சுருளை விளக்குக்கு நேரே பிடித்தேன். பழைய சாமான் கடைகள். ஒன்றன்பின் ஒன்றாக, நான் தபாலில் போட்ட ஊரைச் சுற்றியிருக்கிற எல்லா ஊர்க் கடைகளின் முகப்பும். கடைசியில் வெர்னாவின் கடை. கண்ணாடிச் சன்னலில் படமெடுத்தவனின் பிம்பம் விழுந்திருந்தது. தொப்பி, ஒருபக்கம் சாய்ந்த தோள். முகத்தைக் கேமரா மறைத்தாலும் அந்தத் தோளை எனக்குத் தெரியும்.

என் வீடு அதில் இல்லை. ஆலை இல்லை. என் கார் இல்லை. தரையில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். அவனுக்கு வீடு தெரியாது. இன்றே கிளம்பினால் போதும்.

போன் அடித்தது. வெர்னா.

"கண்ணு, அந்த மனுஷன் வந்து சேந்தாரா?"

"எந்த மனுஷன்?"

"கேமரா குடுத்தவர்தான். லென்ஸ் மூடியைத் தர மறந்துட்டாராம். மத்தியானத்துலேர்ந்து வெளிய வண்டிலயே உக்காந்திருந்தார், பாவம். நீ கிளம்புனதும் உள்ள வந்து, வாங்குனது யாருன்னு கேட்டார். அதோ அந்த நீலக் கார்னு காட்டுனேன். பின்னாடியே வந்தாரே! எவ்ளோ மரியாதையான ஆளு தெரியுமா..."

போனை வைத்தேன். சன்னல் திரையைத் தொடவில்லை. ஈரச் சுருளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின்வாசலால் இறங்கினேன். நீதிமன்றக் காகிதத்தை மீறினான் என்பதற்கு அந்தத் தோள் ஒன்றுதான் சாட்சி.

இரண்டு வீடு தள்ளி யூலாலியா. குவாத்தமாலாக்காரி. ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவளைப் பின்கதவைத் தட்டி எழுப்பினேன்.

"செத்தவளாட்டம் இருக்க. என்ன?"

"என் புருஷன் வந்துட்டான்."

"ஒருத்தனா, கூட ஆளிருக்கா?"

"ஒருத்தன்."

"அப்ப சரி. கீழ உக்காரு. சன்னலுக்குக் கீழ!" தாழ்ப்பாளைப் போட்டாள். முன்கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். அடுப்பிலிருந்து இரும்பு வாணலியை எடுத்துக்கொண்டாள்.

போலீசைக் கூப்பிட்டேன். "வண்டி ஊருக்கு வெளிய இருக்கும்மா, இருபது நிமிஷம் ஆகும். லைன்லயே இருங்க," என்றது ஒரு பெண் குரல்.

என் கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக, விருந்துக்கு வந்தவன் போல. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்தக் கதவும் தட்டப்பட்டது. சரளைக்கல்லில் பூட்ஸ் நடந்து வந்தது.

"அம்மா, கேக்குதா? பேசுங்க," என்றது போன்.

யூலாலியா உதட்டில் விரலை வைத்தாள். வாசல் மரப்படி ஒன்று முனகியது. அடுத்து இரண்டாவது படி.