மேஸ்திரியின் முதல் வேலை

தாய்லாந்தின் சந்தபுரி டுரியான் தோப்பில் அந்த ஊர் மொழி சரளமாகப் பேசும் ஒரே கம்போடியன் சொக்கோம்தான். அதனால் அவனை மேஸ்திரியாக்கினார்கள். அதுவரை அவன் மரத்தின் மேலிருந்து கனத்த முள்பழங்களை வெட்டிப் போடுவான், கீழே வுத்தி கோணியில் பிடிப்பான். வெட்டுமுன் குரல் கொடுக்க வேண்டும். போன வாரம் சொக்கோம் கொடுக்கவில்லை. வுத்தியின் மணிக்கட்டு முறிந்தது.

முதலாளி சொன்னார்: "கை ஆகாதவன ஊருக்கு அனுப்பு. உங்க பாஷையிலேயே பக்குவமா சொல்லு."

சொக்கோம் பக்குவமாகச் சொன்னான்.

"அடேங்கப்பா, மேஸ்திரி பேச்சு!" என்று சிரித்தான் வுத்தி. "எனக்காக அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினியாண்ணே?"

கெஞ்சுவதற்கான அத்தனை சொற்களும் முதலாளியின் மொழியில் சொக்கோமுக்குத் தெரியும். ஒன்றைக்கூட அவன் செலவழிக்கவில்லை.

"பேசினேன்டா," என்றான், சொந்த மொழியில்.

வுத்தி இடக்கையால் கோணியை மடித்து அவனிடம் நீட்டினான்.